அண்டர்-16 சி டீமும் ஒரு பர்ஸரி லெட்டரும்

கேப் டவுன்ல யார்கிட்ட வேணா பேச்சு குடுங்க, பெட்ரோல் பங்க்ல, சலூன்ல, ஸ்கூல் வாசல்ல, ரக்பின்னு ஆரம்பிச்சா அஞ்சாவது நிமிஷம் ஒரு வசனம் வரும், உலகத்துலயே எங்க ஸ்கூல் ரக்பி மாதிரி எங்கயும் கிடையாதுன்னு. பொய்யும் இல்ல. 1995, 2007, 2019, 2023னு நாலு உலகக்கோப்பை ஜெயிச்ச நாடு வேற எது இருக்கு. ப்ளூம்ஃபான்டைன் க்ரே காலேஜ்னு ஒரே ஸ்கூல்ல இருந்து நாப்பது பேருக்கு மேல ஸ்ப்ரிங்பாக், அதாவது நாட்டு டீம் ப்ளேயர், ஆயிருக்காங்க. பார்ல் ஊர்ல ரெண்டு ஸ்கூல் மோதுற அந்த ஒரு சனிக்கிழமைக்கு ஊரே கலர் மாத்திக்கும், நம்ம ஊர்ல சில ஐபிஎல் மேட்ச்க்கு கூட அவ்வளவு சத்தம் நான் கேட்டதில்ல. அதனால "இங்க சிஸ்டம் சரியா வேலை செய்யுது"ன்னு சொல்லுறப்ப எதிர்த்துப் பேச ஆள் கிடையாது, கோப்பை இருக்கே, அப்புறம் என்ன. எனக்கு மட்டும் அந்த வசனம் கொஞ்ச வருஷமா தொண்டையில மீன் முள்ளு மாதிரி உறுத்திட்டே இருக்கு, அதை எழுதி இறக்கி வைக்கலாம்னு தான் இந்தப் பதிவு.

ஆரம்பிச்சு வெச்சது எங்க ஆபீஸ்ல நெட்வொர்க் டீம்ல இருக்குற ஒருத்தர். என்னை விட வயசுல மூத்தவர், குயில்ஸ் ரிவர் பக்கம் வீடு, ரெண்டு பசங்க. பெரியவன் பதிமூணு வயசுலயே ஆள் பாக்குறதுக்கு காலேஜ் பையன் மாதிரி இருப்பான், மீசை லேசா அரும்பிடுச்சு, ஸ்க்ரம்ல, அதாவது ரெண்டு டீமும் குனிஞ்சு கட்டிப்பிடிச்சுத் தள்ளுற இடத்துல, கடைசி ஆளா நிக்குற நம்பர் எய்ட் ஆடுவான், அண்டர்-13ல மாகாண டீம் வரைக்கும் போயிட்டான். ஒரு நாள் மதியம் கேன்டீன்ல வந்து உட்கார்ந்து போனை என் பக்கம் திருப்பினார், ஒரு பெரிய ஸ்கூல்ல இருந்து பர்ஸரி லெட்டர். ஃபீஸ், ஹாஸ்டல், ரக்பி கிட் எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க, கிரேடு 8ல இருந்து. அந்த ஸ்கூலோட வருஷ ஃபீஸும் ஹாஸ்டலும் சேர்த்தா அவர் சம்பளத்துல பாதிக்கு மேல போயிடும், அவர் கையில அது லாட்டரி மாதிரி தான். கடைசி வரிக்கு மேல சின்ன எழுத்துல ஒண்ணு இருந்துச்சு, ஒவ்வொரு வருஷமும் "பரிசீலனைக்கு உட்பட்டது"ன்னு. அதை நான் ரெண்டு தடவை படிச்சேன், அவர் ஒரு தடவை கூட படிச்ச மாதிரி தெரியல. நீ ரக்பி வீட்ல பிறக்காத ஆளு, வெளியில இருந்து பாக்குறவன், நீ என்ன நினைக்கிறன்னு கேட்டார். அனுப்புங்க, ஆனா அந்த வரிக்கு அர்த்தம் என்னன்னு எழுத்துல கேட்டுட்டு அனுப்புங்கன்னு சொன்னேன். சிரிச்சார். குடுக்குறவங்ககிட்ட போய் யாராவது கேள்வி கேப்பாங்களான்னார். அதுவும் நியாயம் தான், கேட்டா லெட்டரை திரும்ப வாங்கிட்டா என்ன பண்ணுறது.

வீட்ல வந்து சொன்னப்ப என் மனைவி கேட்டது இன்னும் நினைவிருக்கு, "ஏங்க, பதிமூணு வயசுல ஒரு புள்ள இருபத்தஞ்சு வயசுல எப்படி இருக்கும்னு இவங்களுக்கு எப்படி தெரியும்?" அவளுக்கு ரக்பில ட்ரைக்கு (பந்தை எதிராளி லைனைத் தாண்டி தரையில வெக்குறது) எத்தனை பாயிண்ட்டுன்னு கூட தெரியாது.

சியாவும் மப்பிம்பியும்

இந்தப் பேச்சு வர்றப்பல்லாம் எல்லாரும் எடுத்துக் காட்டுறது சியா கோலிசி. காட்டாம எப்படி இருப்பாங்க. போர்ட் எலிசபெத் பக்கத்துல ஸ்வீடேன்னு ஒரு டவுன்ஷிப் (நிறவெறிக் காலத்துல கறுப்பினத்தவங்களுக்குன்னு ஒதுக்கின குடியிருப்பு), பாட்டி வளர்த்த பையன், பல நாள் பசியோட படுத்தவன், பன்னெண்டு வயசுல மோசல் பேல நடந்த ஒரு சின்னப் பசங்க போட்டில ஆள் பார்த்து போர்ட் எலிசபெத்லயே இருக்குற க்ரே ஸ்கூலுக்கு (மேல சொன்ன ப்ளூம்ஃபான்டைன் க்ரே வேற) பர்ஸரி குடுத்து எடுத்துட்டுப் போனாங்க. ஒரு ட்ரையல்ல போட்டுக்க ஷார்ட்ஸ் இல்லாம பாக்ஸரோட ஆடினான்னு அவரே சொல்லிருக்கார். 2007 உலகக்கோப்பை ஃபைனலை வீட்ல டிவி இல்லாம பக்கத்து பார்ல உட்கார்ந்து பார்த்த அந்தப் பையன், 2018ல ஸ்ப்ரிங்பாக் டெஸ்ட் டீமோட முதல் கறுப்பின கேப்டன், 2019லயும் 2023லயும் கோப்பையை தூக்கினவர். இதுக்கு மேல சிஸ்டம் வேலை செய்யுதுன்னு என்ன சாட்சி வேணும்னு கேப்பாங்க.

சரி, அதே 2019 ஃபைனலை எடுத்துக்கோங்க, யோகோஹாமா, நவம்பர் 2, இங்கிலாந்தை 32-12ன்னு அடிச்ச மேட்ச். அதுல முதல் ட்ரை போட்டது மக்கசோலே மப்பிம்பி. 1995லயும் 2007லயும் இவங்க ட்ரையே போடாம ஜெயிச்ச ஃபைனல், ஸோ உலகக்கோப்பை ஃபைனல்ல தென்னாப்பிரிக்காவுக்கு ட்ரை போட்ட முதல் ஆள் அவர் தான். அவரை எந்த பெரிய ஸ்கூலும் எடுக்கல. ஈஸ்டர்ன் கேப்ல ஷோலோம்ன்க்வான்னு ஒரு கிராமம், கிலோமீட்டர் கணக்கா நடந்து போய்ப் படிச்ச கிராமத்து ஸ்கூல், க்ரேவன் வீக் ஆடினதே இல்ல. அம்மா, கூடப் பொறந்தவங்கன்னு ஒவ்வொருத்தரா இழந்த வீடு. பார்டர்னு ஒரு சின்ன மாகாண டீம்ல 2014ல தான் சீனியர் ரக்பிக்கே வர்றார், அங்க இருந்து கிங்ஸ், சீட்டாஸ், அப்புறம் டர்பன் ஷார்க்ஸ், ஸ்ப்ரிங்பாக் ஜெர்சி போடுறப்ப வயசு 27. உலகக்கோப்பைல ஒவ்வொரு ப்ளேயர் ஜெர்சி நம்பருக்குள்ளயும் அவங்க குடும்பத்து போட்டோவை பொடிசா அச்சடிச்சாங்க, மப்பிம்பி குடுத்த போட்டோ எல்லாத்துலயும் அவர் மட்டும் தான் இருந்தார்னு கோச் ராஸி எராஸ்மஸ் பின்னாடி சொன்னார். அந்தக் கதையை எல்லாரும் கண்ணு கலங்க ஷேர் பண்ணுவாங்க. ஆனா அதே மூச்சுல யாரும் கேக்க மாட்டாங்க, உலகத்துலயே சிறந்த சிஸ்டம் பக்கத்துலயே ஓடிட்டு இருந்த இந்த ஆளை ஏன் இருபது வயசு தாண்டுற வரைக்கும் பாக்கவே இல்லன்னு.

க்ரேவன் வீக் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1964ல ஈஸ்ட் லண்டன்ல ஆரம்பிச்ச ஸ்கூல் பசங்க மாகாணப் போட்டி, பேர் டேனி க்ரேவன்கிற கோச்/நிர்வாகி மேல வெச்சது, 1980 வரைக்கும் வெள்ளைக்காரப் பசங்களுக்கு மட்டும். இன்னிக்கும் அண்டர்-18 பையனுக்கு அந்த ஒரு வாரம் தான் எல்லாம், ஏஜென்ட்டும் ஃப்ரான்ஞ்சைஸ் ஆளுங்களும் நோட்டு புஸ்தகத்தோட வரிசையா உட்கார்ந்திருப்பாங்க. அதுல தெரிஞ்சா புல்ஸ், ஷார்க்ஸ், ஸ்டார்மர்ஸ், லயன்ஸ்னு பெரிய ப்ரொஃபெஷனல் டீம் ஒண்ணுல அகாடமி கான்ட்ராக்ட், தெரியலைன்னா யூனிவர்சிட்டி போய் அவங்களுக்குள்ள நடக்குற வார்சிட்டி கப்ல முகம் காட்டணும்.

349 பசங்க

என் மனைவி கேட்ட கேள்விய இங்கயே சிலர் ஒழுங்கா உட்கார்ந்து கணக்கு போட்டுப் பார்த்திருக்காங்க. 2005ல தேசிய அண்டர்-13 போட்டி ஆடின 349 பசங்களை எடுத்துக்கிட்டு, அவங்கள்ல எத்தனை பேர் பின்னாடி அண்டர்-16, அண்டர்-18 தேசியப் போட்டிக்கு வந்தாங்கன்னு தேடினாங்க. அண்டர்-16க்கு வந்தது 31.5%. அண்டர்-18க்கு வந்தது 24%. அதாவது நாட்டுலயே சிறந்தவங்கன்னு பதிமூணு வயசுல பொறுக்கி எடுத்த நாலு பேர்ல மூணு பேரை அஞ்சு வருஷம் கழிச்சு அதே சிஸ்டம் எடுக்கல. இத்தனைக்கும் இவங்க சும்மா விட்ட பசங்க இல்ல, நல்ல கோச், நல்ல சாப்பாடு, நல்ல கிரவுண்டுன்னு எல்லாம் கிடைக்க அதிக வாய்ப்பு இருந்த பசங்க. இந்த நம்பரை முதல் தடவை படிச்சப்ப எனக்கு அதிர்ச்சில்லாம் இல்ல, ஒரு மாதிரி நிம்மதி தான், நான் மட்டும் கிறுக்கு இல்லன்னு.

ஏன்னு யோசிச்சா பெரிய மர்மம் ஒண்ணும் இல்ல. வயசுக் கணக்கு ஜனவரி 1ல ஆரம்பிக்குது, ஜனவரில பிறந்தவனும் டிசம்பர்ல பிறந்தவனும் ஒரே டீமுக்கு போட்டி போடணும், பதிமூணு வயசுல அந்த பதினோரு மாசம்ங்கிறது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதுக்கு மேல ஒருத்தனுக்கு பன்னெண்டுல குரல் உடையும், இன்னொருத்தனுக்கு பதினாறுல. முதல்ல வளர்ந்தவன் பந்தை வாங்கினா நேரா ஓடுவான், நாலு பேர் தொத்திட்டு இழுத்தாலும் லைனைத் தாண்டுவான், பெவிலியன்ல இருக்குறவங்க "பீஸ்ட்"ம்பாங்க. அவனுக்கு பாஸ் பண்ணணும்னு தேவையே வராது, பக்கத்துல யார் ஓடி வர்றான்னு பாக்க வேண்டிய அவசியமே இல்ல. தேவை இல்லாத வேலைய எந்தப் பையன் கத்துப்பான். இங்கிலாந்து அகாடமிகள்ல பண்ணின ஆய்வுல இதோட இன்னொரு பக்கம் தெரியுது, வருஷக் கடைசில பிறந்த பசங்க உள்ள நுழையுறது கம்மி தான், ஆனா நுழைஞ்சவங்கள்ல ப்ரொஃபெஷனல் வரைக்கும் போறவங்க விகிதம் அவங்கள்ல தான் அதிகம். சின்ன உடம்போட பெரியவனுங்க கிட்ட அடி வாங்கியே வழி கண்டுபிடிச்சவனுங்க.

எபென் எட்ஸெபெத், ஸ்ப்ரிங்பாக்கா அதிக டெஸ்ட் ஆடின ஆளு, ஆறடி எட்டு அங்குல லாக் (ஸ்க்ரம் நடுவுல தள்ளுற உயரமான ஆளு), அவர் டைகர்பெர்க் ஸ்கூல்ல பதினஞ்சு பதினாறு வயசு வரைக்கும் ஓரமா வேகமா ஓடுற விங் ஆடினவர், அப்புறம் தான் திடீர்னு வளர்ந்தார். அவரைப் பதிமூணு வயசுல பார்த்து "நாளைக்கு லாக்"னு எவன் எழுதிருப்பான். செஸ்லின் கோல்பே நேர் எதிர், கடைசி வரைக்கும் வளரவே இல்ல, 1.72 மீட்டர், க்ராய்ஃபான்டைன் பையன், இங்க உள்ளூர்லயே பதினஞ்சு பேர் ரக்பிக்கு இந்த சைஸ் தாங்குமான்னு இழுத்துட்டே இருந்தாங்க, 2017ல துலூஸ் போய் பிரெஞ்சுக்காரங்க வாய் பிளந்தப்புறம் 2018ல ஸ்ப்ரிங்பாக் கூப்பிட்டாங்க. அவரும் அதே யோகோஹாமா ஃபைனல்ல ஒரு ட்ரை போட்டார்.

இந்த வரிசையில எனக்கு நிஜமாவே கோவம் வர்ற இடம் உடம்பை ஏத்துற பிசினஸ். பெரிய உடம்புக்கு தான் லெட்டர் வரும்னு பசங்களுக்கு தெரிஞ்சு போச்சுன்னா அப்புறம் என்ன நடக்கும். பதினஞ்சு வயசுல ஜிம் பேக்ல க்ரியேட்டின்னு உடம்பு ஏத்துற பவுடர் டப்பா. ஊக்கமருந்து தடுப்பு ஆளுங்க க்ரேவன் வீக்லயே டெஸ்ட் பண்ணி ஸ்கூல் பசங்க மாட்டின வருஷங்கள் இருக்கு. இதுல சூப்பர்ஸ்போர்ட் ஸ்கூல்ஸ்னு ஒரு ஆப்ல சின்னப் பசங்க மேட்ச் கூட லைவ்வா போகுது, ஒரு பையன் பந்தை முன்னால நழுவ விட்டா அந்த க்ளிப் ராத்திரிக்குள்ள நாலு வாட்ஸப் க்ரூப்ல சுத்தும். தாத்தா பாட்டி வீட்ல இருந்தே பேரன் மேட்ச் பாக்கலாம்ல, நல்லது தானன்னு ஒரு ஃப்ரெண்ட் சொன்னான். அதுவும் சரி தான்.

மூணாவது கிரவுண்டு

ஆபீஸ் நண்பரோட பெரியவன் லெட்டர் குடுத்த அந்த ஸ்கூல்ல சேர்ந்தான். முதல் வருஷம் அண்டர்-14 ஏ, ஸ்கூல் பத்திரிகைல போட்டோ, ஆபீஸ்ல எல்லார் டேபிள்லயும் அந்தப் பக்கம் வந்து போச்சு. அடுத்த வருஷம் அண்டர்-15 பி. அதுக்கப்புறம் அவங்க அப்பா ரக்பி பேச்சையே எடுக்குறதில்ல, நானும் கேக்குறதில்ல. கிரேடு 10ல ஒரு சனிக்கிழமை, கார் சர்வீஸ்ல இருக்கு, என்னைக் கொண்டு போய் விட முடியுமான்னு கேட்டார், போனோம்.

இங்க ஸ்கூல் சனிக்கிழமை எப்படின்னா காலைல எட்டு மணிக்கே பனி காயுறதுக்குள்ள கடைசி டீம்கள் ஆரம்பிச்சிடும், ஒவ்வொரு வயசுலயும் ஏ பி சி டின்னு டீம், மேட்ச் ஒண்ணொண்ணா முடிய முடிய மெயின் கிரவுண்டு பக்கம் கூட்டம் நகரும், மதியம் ஃபர்ஸ்ட் டீம் வர்றப்ப மொத்த ஸ்கூலும் ப்ளேஸர் போட்டு ஸ்டாண்ட்ல நின்னு வார் க்ரை போடும். நாங்க போனது அதுக்கு வெகு முன்னாடி. மெயின் கிரவுண்டைத் தாண்டி, ரெண்டாவதைத் தாண்டி, நீச்சல் குளத்துக்குப் பின்னாடி மூணாவது கிரவுண்டு, அங்க தான் அண்டர்-16 சி. ஸ்டாண்ட் கிடையாது, லைன் ஓரமா பத்து பதினஞ்சு பெத்தவங்க, ஒரு அம்மா கையில போர்வோர்ஸ் ரோல் (பன்னுக்குள்ள சாஸேஜ்), நாய் ஒண்ணு. பெரியவன் எங்களைப் பார்த்து லேசா கையைத் தூக்கினான், உடனே திரும்பிட்டான். பதிமூணு வயசுல எவ்வளவு உயரம் இருந்தானோ கிட்டத்தட்ட அவ்வளவு தான் இருந்தான். மத்தவனுங்க எல்லாம் அவனை எட்டிப் பிடிச்சிட்டாங்க, சிலர் தாண்டியும் போயிட்டாங்க.

முதல் பாதில ரெண்டு தடவை பழைய மாதிரியே பண்ணினான். ஸ்க்ரம் பின்னாடி இருந்து பந்தை எடுத்து தலையைக் குனிஞ்சு நேரா முதல் ஆள் மேல போனான், அவன் சைஸ் பையன் ஒருத்தன் இடுப்புக்குக் கீழ டேக்கிள் பண்ணி அப்படியே பின்னால சாய்ச்சான். அவங்க அப்பா வாயைத் திறக்கல, கையில இருந்த காஃபி கப்பை மட்டும் அமுக்கி அமுக்கி வளைச்சுட்டே இருந்தார். ரெண்டாவது பாதில, அதே இடம், அதே ஸ்க்ரம். இந்தத் தடவை பந்தை எடுத்தவன் ரெண்டு எட்டு வெச்சதும் ஓட்டத்தை லேசா குறைச்சான், தலை நிமிர்ந்துச்சு, அதைத் தான் நான் முதல்ல கவனிச்சேன், தலை நிமிர்ந்தே இருந்துச்சு. எதிர்ல ரெண்டு பேர் அவன் மேல வந்து விழுற வரைக்கும் காத்திருந்து, இடுப்பை ஒரு பக்கம் திருப்பி, விழுந்துட்டே வலது கையை அவங்க முதுகுக்குப் பின்னாடி விட்டு பந்தைத் தள்ளிவிட்டான். அங்க ஒல்லியா ஒரு ஃப்ளாங்கர் வருவான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஃப்ளாங்கர் ஓடினான், விங்குக்கு குடுத்தான், கார்னர்ல ட்ரை. பெரியவன் ரக் அடியில இருந்து எழுந்து மண்ணைத் துடைச்சுக்கிட்டு சிரிச்சான், அண்டர்-13ல அத்தனை ட்ரை போட்டப்பவும் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்ல.

மேட்ச் முடிஞ்சதும் சி டீம் கோச் வந்தார், கணக்கு வாத்தியார், ரிட்டயர்மென்ட் வயசு, டிராக் சூட் மேல சாக்பீஸ் தூசி. அவங்க அப்பாகிட்ட சுருக்கமா தான் பேசினார். உங்க பையன் இந்த வருஷம் தான் ரக்பி கத்துக்க ஆரம்பிச்சிருக்கான், இதுக்கு முன்னாடி அவனுக்கு அது தேவைப்படலன்னார். இன்னும் மூணு வருஷம் விட்டா நல்ல ப்ளேயர் ஆவான்னும் சொன்னார். அவங்க அப்பா தலையாட்டினார், கார்ல ஏறினதும் தான் சொன்னார், போன வாரம் ஸ்கூல்ல இருந்து மெயில் வந்திருக்கு, பரிசீலனை முடிஞ்சு பர்ஸரி பாதியாயிடுச்சு, அடுத்த வருஷத்துல இருந்து.

எனக்கு அந்த கார்ல தான் விஷயம் பிடிபட்டுச்சு. அதுவரைக்கும் என் கோவமெல்லாம் ஆள் எடுக்குறதுல தப்பு பண்ணுறாங்கங்கிறது மேல தான் இருந்துச்சு. தப்பு பண்ணட்டும், பதிமூணு வயசுல எவன் எடுத்தாலும் தப்பு வரத்தான் செய்யும், அதை யாராலயும் தவிர்க்க முடியாது. விவகாரம் என்னன்னா அந்தப் பையன் நிஜமாவே கத்துக்க ஆரம்பிச்ச அதே வருஷத்துல தான் அவங்க பணத்தைப் பாதியா வெட்டுறாங்க. பதிமூணுல குடுத்தது உடம்புக்கு, பதினாறுல உடம்பு வித்தியாசம் போச்சு, கூடவே பாதிக் காசும் போச்சு. அந்த வாத்தியார் கண்ணுக்குத் தெரிஞ்சது பர்ஸரி கமிட்டி ஷீட்ல எந்தக் கட்டத்துலயும் வராது, அங்க எந்த டீம்னு ஒரு கட்டம் தான் இருக்கும்.

இதை வெச்சு கோலிசி கதைய திரும்பிப் பார்த்தா அதுவும் வேற மாதிரி தெரியுது. க்ரே அவருக்குக் குடுத்தது ரக்பி மட்டுமா? ஸ்வீடேல ஆஃப்ரிக்கன் பாம்பர்ஸ்னு ஒரு க்ளப்ல அவர் ஏற்கனவே ஆடிட்டு தான இருந்தார், ஈஸ்டர்ன் கேப் கறுப்பின மக்களுக்கு ரக்பி நூறு வருஷத்துக்கு மேல பழக்கம், மிஷன் ஸ்கூல் காலத்துல இருந்து. க்ரே குடுத்தது மூணு வேளை சாப்பாடு, தனிக் கட்டில், இங்கிலீஷ், மெட்ரிக் (இங்க பன்னெண்டாவது). பசி இல்லாம ராத்திரி தூங்குற பையன் நல்லா ஆடுறதுல என்ன அதிசயம். அந்த சாப்பாட்டையும் கட்டிலையும் எதுக்கு ஒரு ஸ்க்ரம்ல யார் யாரைத் தள்ளுறாங்கங்கிறதோட கட்டி வைக்கணும்? ஒரு தடவை எடுத்துட்டா மெட்ரிக் வரைக்கும் படிக்க வைக்குறது உங்க பொறுப்பு, அவன் டி டீம்ல ஆடினாலும் சரி, முட்டி போய் வீட்ல உட்கார்ந்தாலும் சரி, பாட்டுப் பாடப் போனாலும் சரி. அந்த ஒரு விதியை மாகாண ரக்பி ஆளுங்க கட்டாயம் ஆக்கினா பெரிய ஸ்கூல்கள் இப்ப எடுக்குறதுல பாதிப் பேரைத் தான் எடுப்பாங்கன்னு சொல்லுவாங்க. எடுக்கட்டுமே. மீதி பாதிப் பசங்க அவங்கவங்க ஊர் ஸ்கூல்ல இருப்பாங்க, அங்க டீம் உருப்படும். இப்ப நிலைமை என்னன்னா டவுன்ஷிப் ஸ்கூல்ல ஒருத்தன் நல்லா ஆடினா பதிமூணுலயே தூக்கிடுறாங்க, மீதி பதினாலு பேருக்கு எதுத்து ஆட ஆளும் இல்ல, பார்த்துக் கத்துக்க ஆளும் இல்ல, அந்த பதினாலுல ஒரு மப்பிம்பி இருந்தா அவனா முட்டி மோதி மேல வந்தா தான் உண்டு.

இதுக்கு எதிர்ப்பேச்சும் இருக்கு, நான் மதிக்குற ஒருத்தர் தான் சொன்னார், ஊர் ஸ்கூல் சரியாகுற வரைக்கும் ஒரு பையனைக் காத்திருக்கச் சொல்ல உனக்கு என்ன உரிமைன்னு. உரிமை இல்ல தான். அதனால தான் அனுப்பாதீங்கன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

பெரியவன் இப்ப மெட்ரிக்ல இருக்கான், அவங்க அப்பா கடன் வாங்கி அந்த பாதி ஃபீஸைக் கட்டினார். செகண்ட் டீம்ல ஃப்ளாங்கர், க்ரேவன் வீக் லிஸ்ட் பக்கமே பேர் வரல, ஸ்டெல்லன்பாஷ்ல இன்ஜினியரிங் கிடைச்சா ஹாஸ்டல் லீக் ஆடுவேன்னு சொல்லுறான், அந்த ஹாஸ்டல் லீக்ல அடி பயங்கரமா விழும்னு கேள்வி. அதுக்கு நடுவுல சின்னவனுக்குப் பன்னெண்டு முடியப் போகுது, அவனும் ஆடுறான், போன மாசம் வேற ஒரு ஸ்கூல்ல இருந்து லெட்டர். இந்தத் தடவை அவங்க அப்பா என்கிட்ட கேக்கல, நேரா அவரே மெயில் போட்டுட்டு எனக்கு சிசி வெச்சிருந்தார், ரெண்டே கேள்வி. அடி பட்டு ஆட முடியாம போனா மெட்ரிக் வரைக்கும் ஃபீஸ் கட்டுவீங்களா? அடி எதுவும் படாம, சும்மா டீம்ல எடுக்கப்படாம போனா? முதல் கேள்விக்கு ரெண்டே நாள்ல ஆமான்னு பதில் வந்துச்சு, கூடவே இன்ஷூரன்ஸ் விவரம் எல்லாம் அழகா இணைச்சிருந்தாங்க. ரெண்டாவது கேள்விக்கு, நேர்ல வாங்க பேசலாம்னு எழுதிருந்தாங்க. சின்னவன் பக்கத்து ஸ்கூல்லயே சேரப் போறான்.